விழுந்த ட்ரோனும் நான் திருத்திக்கொண்ட ஆலோசனையும்



கடந்த ஸ்தோத்திரப் பண்டிகையன்று பவனி ஆலய வாசலை நெருங்கிய வேளையில், மேலே படம் எடுத்துக்கொண்டிருந்த ட்ரோன் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுழன்று கல்லறைத் தோட்டத்துச் சுவரில் மோதி விழுந்ததை உங்களில் பலர் கண்டீர்கள். ஒருவருக்கும் காயமில்லை. அசனப் பந்தியில் அதைப் பேசிச் சிரித்தோம். பின்பு மறந்தும் போனோம். அதற்கு உடையவரான தம்பியால் மட்டும் மறக்க முடியவில்லை. கலியாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைப்பவர் அவர். மாதத் தவணையில் அதை வாங்கி ஏழு மாதங்களே ஆகியிருந்தன. அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

மூன்று வாரங்களுக்குப் பின்பு, உற்பத்தி நிறுவனத்தின் பதிலை எடுத்துக்கொண்டு போதகர் இல்லத்துக்கு வந்தார். பறப்புப் பதிவை ஆராய்ந்தோம், பறக்கவிட்டவரின் தவறே காரணம், ஆகவே ஓராண்டு வாரண்டி இதற்குப் பொருந்தாது என்று அதில் எழுதியிருந்தது. பழுதுபார்க்கும் கட்டணம் புதிய ட்ரோனின் விலையில் பாதியைத் தாண்டியது.

அன்று நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். “விட்டுவிடு தம்பி, பெரிய கம்பெனியோடு வழக்காடி என்ன ஆகப்போகிறது? கர்த்தர் வேறு வழியைத் திறப்பார்” என்றேன். “சரி ஐயா” என்று எழுந்தவர், வாசற்படியில் நின்று திரும்பி, “ஆனா நான் தப்பு பண்ணலையே ஐயா” என்றார்.

அந்தச் சொல் என்னை விடவில்லை. சென்ற ஆண்டு போதகர் இல்லத்து இன்வெர்ட்டர் பாட்டரிக்கு வாரண்டி கிடையாது என்று கடைக்காரர் கைவிரித்தபோது, நானே மூன்று முறை அங்கு போய் நின்றேன். அப்போது பொறுமையைக் குறித்து எனக்கு யாரும் பிரசங்கம் செய்யவில்லை. என் பொருளுக்கு ஒரு நியாயம், தவணை கட்டும் வாலிபனுடைய பொருளுக்கு வேறு நியாயமா? மறுநாள் அவரைத் திரும்ப அழைத்தேன்.

விசுவாசி வழக்குக்குப் போகலாமா என்று சிலர் கேட்பீர்கள். பவுல் கொரிந்து சபையைக் கடிந்துகொண்டது, சகோதரன் சகோதரனோடு வழக்காடியதற்காக. தமக்கு நியாயம் கிடைக்காது என்று கண்டபோது அதே பவுல் இராயனுக்கு அபயமிட்டார். அநீதியுள்ள நியாயாதிபதியை விடாமல் நாடின விதவையையும் நாம் அறிவோம். இதற்குமேல் இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

பறப்புப் பதிவு என்பது என்னவென்று எனக்கு அதுவரை தெரியாது. ட்ரோனின் உயரம், வேகம், சாய்வு, பாட்டரியின் நிலை, ரிமோட்டில் விரல் தள்ளிய திசை ஆகிய யாவும் நொடிக்குப் பல முறை அதில் பதிவாகின்றன. கைப்பேசியில் ஒரு நகல் தங்குகிறது. ஆனால் ட்ரோனுக்குள்ளே இருக்கும் விரிவான பதிவு, பல நிறுவனங்களின் கருவிகளில், பூட்டிய பெட்டியைப் போன்றது. திறவுகோல் உற்பத்தியாளர் கையில் மாத்திரம் இருக்கும். நிறுவனத்தாரைப் பொய்யர் என்று நான் சொல்லவில்லை. மரத்தில் மோதவிட்டு, மோட்டார் நின்றுபோயிற்று என்று எழுதுகிறவர்களும் உண்டு; அவர்களை இந்தப் பதிவே காட்டிக்கொடுக்கிறது. ஆயினும் பணம் கொடுக்கவேண்டியவரே சாட்சியை வைத்திருந்து, தாமே அதை வாசித்து, தாமே தீர்ப்பும் சொல்லும்போது, தராசின் முள்ளை மற்றவர் பார்க்கக் கூடாதா? வாரண்டியை மறுக்கும் எந்த நிறுவனமும் அந்தப் பதிவை வாசிக்கக்கூடிய வடிவில் வாடிக்கையாளருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கவேண்டும் என்பது என் துணிபு.

கைப்பேசி நகலைத் தம்பி திறந்து காட்டினார். விழுவதற்கு முந்தைய வினாடிகளில் ரிமோட்டில் அவர் எதையும் தள்ளவில்லை. ட்ரோன் ஒரே உயரத்தில் நிலையாக நின்றது. பாட்டரியில் பாதிக்கு மேல் இருந்தது. அப்புறம் திடீரென்று வலப்பக்கப் பின்மூலை சாய்கிறது. நான்கு இறக்கைகளில் ஒன்று நின்றாலும் இத்தகைய சிறிய ட்ரோன் சுழன்றுகொண்டே கீழே வரும் என்று அவர் விளக்கினார்.

பிறகுதான் கடினமான காரியம் வந்தது. பண்டிகைக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு ஒரு கலியாண வீட்டில் ட்ரோன் தென்னை ஓலையில் உரசியிருக்கிறது. முன்பக்கத்து இடது இறக்கை ஒன்றை அவரே வாங்கி மாற்றியிருக்கிறார். முதல் விண்ணப்பத்தில் இதை எழுதவில்லை. “இப்போதும் எழுதாதே, யாருக்குத் தெரியப்போகிறது” என்றார் உடனிருந்த நம் சபையார் ஒருவர். கடிதத்தின் முதல் பத்தியிலேயே எழுதும்படி நான் சொன்னேன். அதனால் வழக்கே போய்விடக்கூடும் என்பதையும் சொன்னேன். தவணை கட்டுகிறவர் அவர், ஆலோசனை சொல்லுகிறவன் நான். எனக்கு அது எளிது. அவர் நெடுநேரம் பேசாமல் இருந்து, பின்பு எழுதினார்.

எதிர்பார்த்தபடியே நிறுவனத்தின் இரண்டாம் பதில் அந்த ஓலையைப் பிடித்துக்கொண்டது. உரசியதற்குப் பின்பு பதினொரு கலியாணங்களில் ட்ரோன் குறையின்றிப் பறந்த பதிவுகளையும், சாய்வு தொடங்கியது மாற்றிய இறக்கைக்கு நேர் எதிர்மூலையில் என்பதையும் காட்டி, எந்த வினாடியில் எந்தத் தவறைச் செய்தேன் என்று அவர் திரும்பக் கேட்டார். அதற்குப் பதில் வரவில்லை. நல்லெண்ண அடிப்படையில் கட்டணத்தில் சிறிது குறைக்கிறோம் என்ற செய்தி மட்டும் வந்தது. அவர் அதை ஏற்கவில்லை.

இப்படிப்பட்ட நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இதையும் எழுதுகிறேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமில்லை. வழக்கறிஞர் வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. 2 ஆண்டுகளுக்குள் முறையிடவேண்டும். தொழிலுக்கு வாங்கியது என்று சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவரையும் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது. குறையைச் சோதித்தே அறியவேண்டுமானால், பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. முதலில் விசாரிக்க 1915 என்ற உதவி எண் இருக்கிறது. உடைந்த பாகங்களை மட்டும் எறிந்துவிடாதீர்கள். சுவரடியில் கிடந்த துண்டுகளை நம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் விளையாட எடுத்துப்போய்விட, தம்பி வீடுவீடாகச் சென்று கேட்டு வாங்கினார்.

மனு கொடுத்தாயிற்று. இப்போதைக்கு வாடகை ட்ரோனை வைத்துக் கலியாணங்களுக்குப் போகிறார்; வருமானத்தில் பெரும்பகுதி வாடகைக்கே போகிறது. முதல் விசாரணை வரும் மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை. நானும் அவரோடு போகிறேன். ஆகவே அன்றைய உபவாச ஜெபம் காலையில் நடவாது. மாலை ஆறு மணிக்குக் கூடுவோம்.