நில் எனச் சொல்லும் நரம்புகள்



மூளை என்றவுடன் ஓட்டத்தையே யாவரும் எண்ணுகின்றனர். நிறுத்தத்தை எண்ணுவோர் குறைவு. இரயில்வே ஊழியராகிய நமக்கு இஃது எளிதில் விளங்கும். கைகாட்டியின் இயல்பு நிலை 'நில்' என்பதே. வண்டி வரும்போதுதான் அது இறங்கி வழிவிடுகிறது.

ஊரில் எட்டிக்காயை அறியாதார் இலர். அதன் கொட்டையிலுள்ள ஸ்டிரிக்னின் என்னும் நஞ்சு தண்டுவடத்தில் 'நில்' என்னும் செய்தியை மறைத்துவிடும். பின்னர்ச் சிறு ஓசை கேட்டாலும் உடல் முழுவதும் வில்லாய் வளைந்து இழுக்கும். தடுப்பு இல்லாவிடில் விளைவு அத்தகையது.

மூளையில் இப்பணியைப் பெரிதும் செய்வது காபா என்னும் பொருள். அது மூளையில் உள்ளதென 1950இல் கண்டறிந்தனர். புறணியிலுள்ள நரம்பணுக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இத்தடுப்பு வேலைக்கே உரியவை. ஒரு நரம்பணு மற்றொன்றைத் தொடும் சந்திப்பிற்குச் சினாப்ஸ் என்று பெயர். வளர்ந்தபின் இச்சந்திப்புகள் பெரிதும் மாறா என்றே நெடுநாள் கருதினர். தடுக்கும் சந்திப்புகளைப் பற்றியோ அதிகம் ஆராயவும் இல்லை. தடையை யார் பாராட்டுகிறார்கள்!

2012இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எல்லி நெடிவி குழுவினர், வளர்ந்த எலியின் மூளையில் இச்சந்திப்புகளை ஒளிரச் செய்து, உயிரோடிருக்கும்போதே நோக்கினர். தடுக்கும் சந்திப்புகள் தோன்றுவதும் மறைவதுமாய் இருந்தன. ஒரு கண்ணைச் சில நாட்கள் மூடிவைத்தபோது, பார்வைப் பகுதியில் அவற்றுள் பல மறைந்தன. தடை தளர்ந்தால்தான் மூளை புது வழியை ஏற்கும் போலும். 2016இல் வெளியான ஆய்வு மேலும் வியப்பானது: மறைந்தவற்றுள் பல, அதே இடத்திலேயே மீண்டும் முளைத்தன. கைகாட்டியைக் கழற்றினும் கம்பத்தை விட்டுவைப்பது போன்றது இது.

நாற்பது வயதிற்குமேல் இந்தி நாவில் ஏறாது என்போருக்கு இதை ஆதாரமாய்க் காட்ட நாம் துணியோம். கண்டது எலியிடத்தில், அதுவும் கண்ணைப் பற்றி.

ஆனால் வலிப்பு நோயுள்ள குழந்தை வாய்த்த இல்லங்களுக்கு ஒன்று கூறுவோம். ஃபீனோபார்பிடோன் போன்ற மாத்திரைகள் காபாவின் தடுப்பையே வலுப்படுத்துகின்றன. திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் கடுமையாய் வரக்கூடும். 'சில மாதங்களாய் வரவில்லையே' என்று தாமே நிறுத்துவதும், அண்டை வீட்டார் அறியலாகாதென மறைப்பதும் நம்மவரிடையே உண்டு. மருத்துவரைக் கேளாது நிறுத்தற்க. விடுமுறைக்கு ஊர் செல்கையில் மாத்திரையைப் பெட்டியில் பூட்டி இருக்கையடியில் தள்ளாமல், இரண்டு நாள் கூடுதலாய் எண்ணி, தாயாரின் கைப்பையிலேயே வைத்துக்கொள்க. வண்டி தாமதமாகாது என்று உறுதி கூற நம்மால் இயலாது.