பாத்திரம் அறிந்து சமைப்போம்

"பாத்திரம் அறிந்து பிச்சையிடு" என்பது பழமொழி. பிச்சையிடுவதற்கு மட்டுமன்றிச் சமைப்பதற்கும் அது பொருந்தும் என்பது என் கருத்து.

எங்கள் பாட்டியிடம் ஓர் ஈயச்சொம்பு உண்டு. திருமணச் சீராக வந்தது. அதில் வைத்த ரசத்தின் மணம் தெருவரை வீசும். தனிமங்களைப் பற்றிப் பாடம் நடந்த அன்று மாலை, "பாட்டி, இது வெள்ளீயமா, காரீயமா?" என்று கேட்டேன். "ஈயம்னா ஈயம்தான் கண்ணு. அம்பது வருஷமா இதுலதான் ரசம் வைக்கிறேன். யாருக்கு என்ன ஆச்சு?" என்றார்கள்.

தோழியரே! ஈயம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு உலோகங்கள் இருக்கின்றன. வெள்ளீயத்தின் அணு எண் 50. ரசச்சொம்பு செய்யவும் பித்தளைக்குப் பூசவும் உரியது அதுவே. காரீயத்தின் அணு எண் 82. அது நஞ்சு. வெள்ளீயத்தைவிட விலை மலிவு என்பதால் அதில் கலந்துவிடுவோரும் உண்டு. கலப்பைக் கண்ணால் காண முடியாது. சோதனைச் சாலையில்தான் அறியலாம்.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்ற கேள்விக்கும் விடை உண்டு. காரீயம் உடனே நோயாகத் தெரிவதில்லை. மெல்ல மெல்லக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் படிப்பையும் கெடுக்கிறது. உட்கொள்ளும் காரீயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் 4 முதல் 5 மடங்கு அதிகமாக ஏற்கும் என்றும், இவ்வளவு இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

அப்படியானால் புதிய பாத்திரம் வாங்கினால் போதுமா? போதாது. அலுமினியம், பித்தளை, இண்டாலியம் ஆகியவற்றாலான சில இறக்குமதிப் பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் கசிவதாக 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அவற்றுள் நம் நாட்டில் செய்தவையும் இருந்தன. நல்ல அலுமினியமும் புளியில் கரையும். ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு களிம்பேறிக் கைத்துவிடும்.

நம் ஊர் வழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் பையும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. ஆயினும் பௌர்ணமி நாளில் கிரிவலப் பாதையில் கொதிக்கும் சாம்பாரைப் பையில் கட்டித் தருவோரைக் காண்கிறோம். ஒரு தூக்குப் பாத்திரம் கொண்டுபோக நமக்கு என்ன வெட்கம்?

ஆகவே பழையதா, புதியதா என்று பார்ப்பதைவிட, "புளிப்பையும் சூட்டையும் இந்தப் பாத்திரம் தாங்குமா?" என்று கேட்பதே அறிவுடைமை. எல்லாவற்றையும் தூக்கி எறியச் சொல்லவில்லை. எல்லா வீட்டிலும் அதற்கு வசதி ஏது? புளிப்புக்கென்று ஓர் எவர்சில்வர் பாத்திரமோ மண்சட்டியோ போதும். ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி. அலுமினியக் குண்டானில் குளிக்க வெந்நீர் காய்ச்சலாம்.

எங்கள் வீட்டு ஈயச்சொம்பு இப்போது பரணில் இருக்கிறது. "பழைய மணம் இல்லை" என்று பாட்டி குறைப்பட்டுக்கொள்கிறார்கள். அது உண்மைதான், எனக்கும் அந்த மணம் பிடிக்கும். ஆனால் என் தம்பிக்கு மூன்று வயது. அவனுக்குத் தினமும் ரசச்சோறு ஊட்டுகிறவர்களும் பாட்டிதான். அவன் பெயரைச் சொன்னதும் மறுபேச்சின்றிச் சொம்பை எடுத்துக் கொடுத்தவர்களும் அவர்களே.

கிண்ணத்தின் உட்புறத்தை முதலில் தூய்மையாக்கச் சொன்னார் நம் ஆண்டவர். அவர் சொன்னது உள்ளத்தைப் பற்றி. நாமோ பாத்திரத்தின் வெளிப்புறம் பளபளக்கப் புளி போட்டுத் துலக்குகிறோம். இனி உட்புறத்தையும் எண்ணிப் பார்ப்போம். இன்று மாலையே நம் வீட்டு அடுக்களையிலிருந்து தொடங்குவோமாக!