ஜரிகையும் ஒயர்தான் சாமி!

"கரண்ட் கடத்துற நூலா? ஃபாரின்லேர்ந்துதான் வரணும் சார்." சென்னையில ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் சொன்னது. காதைத் தொட்டா பிளிறுற துணி யானை ஒண்ணு பொண்ணுக்குச் செய்யலாம்னு போயிருந்தேன். காஞ்சிபுரத்துக்காரன்கிட்ட பேசுற பேச்சா இது?

அசல் ஜரிகைன்னா என்னங்க? பட்டு நூல்மேல தட்டை வெள்ளிக்கம்பி சுத்தி, தங்க முலாம் பூசினது. வெள்ளியைவிட நல்லா மின்சாரம் கடத்துற உலோகமே கிடையாது. பாட்டியோட கிழிஞ்ச கூரைப்புடவைல மல்டிமீட்டரை வெச்சேன். பீப்! (செப்பு ஜரிகையும் பீப் அடிக்கும். இதை நம்பி புடவைக்கடையில சண்டைக்குப் போயிடாதீங்க :-)

முதல் யானை நிறுத்தாம பிளிறுச்சு. ஜரிகைக்கு ஒயர் மாதிரி மேலுறை இல்லை. பஞ்சுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. சால்டர் வெச்சா பட்டு கருகுது. பாவு பிணைக்கிற பக்கத்து வீட்டு அண்ணன் சிரிச்சுட்டே, நடுவுல வெறும் பட்டு ஓட்டித் தைச்சு, முனையை முடிஞ்சு குடுத்தார். பத்தே நிமிஷம்.

"அந்தக் காலத்துலயே நம்மகிட்ட எல்லாம் இருந்தது"ன்னு கிளம்புற கோஷ்டிக்கு: நூல் இருந்தது, யோசனை இல்லை. 1997லயே எம்.ஐ.டி.யில ரெமி போஸ்டும் மேகி ஆர்த்தும் உலோகம் சுத்தின பட்டு இழை ஓடுற ஆர்கன்ஸா துணியில சர்க்யூட் பண்ணிட்டாங்க. இங்கே தறிக்காரரை லேப் பக்கம் கூப்பிட யாருக்கும் தோணலை.

இப்பவாவது கூப்பிடுங்க. பொன்னாடை போர்த்த இல்லை. வாத்தியாரா, சம்பளத்தோட.