முதியோர் நடக்கும் வீதி

சென்னை மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த மாடவீதிகளைக் கண்டிருப்பீர்கள். கோயில், குளம், பூக்கடை, காய்கறிக் கடை யாவும் அங்கே கூப்பிடு தொலைவில் உள்ளன. முதியவர் ஒருவர் பிறர் துணையின்றி நாளைக் கழித்தற்கு இதனினும் ஏற்ற ஊரமைப்பு அரிது. பழைய கோயில் நகரங்கள் காலால் நடப்பாரை எண்ணி அமைந்தவை.

ஆயினும் மாநகரத்து வீதிகள் பலவற்றில் இன்று நடந்து செல்லும் மூதாட்டியின் கண், கோபுரத்தை நோக்குவதில்லை, தரையையே நோக்குகிறது. நடைபாதை ஓரிடத்தில் ஒரு சாணுக்கு மேல் உயர்ந்து நிற்கும். அடுத்த வீட்டு வாயிலில் சரிந்து இறங்கும். அப்பால் மின்பெட்டியோ மோட்டார் சைக்கிளோ வழியை மறித்திருக்கும். முழங்கால் வலியுடையார் ஏறியிறங்கி அலுத்து, வண்டிகள் விரையும் சாலையிலேயே நடக்கத் தலைப்படுகின்றனர். நடைபாதையின் அகலம் 1.8 மீட்டருக்குக் குறையலாகாது என்றும், அதன் விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரலாகாது என்றும் இந்தியச் சாலைப் பேரவை 2012-இலேயே நெறி வகுத்தது. நெறி ஏட்டளவில் நிற்கிறது.

நடைபாதைக் கடைக்காரரே இதற்கெல்லாம் காரணர் என்பாரும் உளர். யான் உடன்படேன். தெருமுனையில் கீரை விற்பவர் இருத்தலாலன்றோ அம்மூதாட்டி வீட்டைவிட்டு வெளியே வருகிறார்!

சாலையைக் கடப்பது இதனினும் கடிது. மனிதர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பர் எனக் கொண்டு விளக்கின் நேரத்தைக் கணிப்பது பல நாடுகளில் வழக்கம். இங்கிலாந்தில் 65 அகவை கடந்தோரை அளந்து 2012-இல் வெளியான ஆய்வில், மகளிரின் சராசரி வேகம் 0.8 மீட்டரே. 18 மீட்டர் அகலமுள்ள சாலைக்கு 15 நொடி தந்தால், விளக்கு மாறும்போது நம் பாட்டியார் 12 மீட்டரே கடந்திருப்பார். எஞ்சிய 6 மீட்டரை அவர் யாரை நம்பிக் கடப்பது? சிங்கப்பூரில் 2009 முதல், முதியோர் தம் அட்டையைக் கம்பத்திலுள்ள கருவியிற் காட்டினால் பச்சை விளக்கு மேலும் சில நொடிகள் எரிகிறது.

சென்னையிலும் முயற்சி இல்லாமல் இல்லை. தியாகராயநகர்ப் பாண்டி பசாரில் 2019-இல் அகன்ற நடைபாதை அமைந்தது. ஆனால் மூதாட்டி நாள்தோறும் நடப்பது பாண்டி பசாரிலன்று. தம் வீட்டு வாயிலுக்கும் தெருமுனைக்கும் இடையே. முன்னாளில் அவ்வழியில் வீடுதோறும் திண்ணை இருந்தது. கால் ஓய்ந்தவர் எவரும் அமரலாம். அடுக்கு மாடிகள் எழுந்தபோது அது மறைந்தது. நூறடிக்கு ஒரு கல்லிருக்கையேனும் மாநகராட்சி இட்டால், வீட்டினுள் அடங்கியிருக்கும் முதியோர் பலர் நாளை மாலையே கோயில் வரை நடந்து வருவர்.