மெழுகுவர்த்தி மேல் என்ன கோபம்?

ஆகஸ்டு கடைசியில் காவி உடுத்திக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறவர்களை எங்கள் சென்னீர்குப்பத்துப் பக்கமும் பார்க்கலாம். சின்னத் தேரில் மாதா, காலெல்லாம் கொப்புளம். செப்டம்பர் 8-ஆம் தேதித் திருநாளுக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்ற தவிப்பு. இவர்களைக் கண்டால் என் புராட்டஸ்டண்டு சிநேகிதர் ஒருவருக்கு முகம் சுண்டிவிடும். "விக்கிரக ஆராதனை இல்லாமல் வேறென்ன ஸார் இது? வேதம் வேண்டாம், போப்பு சொன்னால் போதும் இவர்களுக்கு" என்பார்.

இது நமக்குப் பழைய சண்டை. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டே கொடுத்துவிட்டார். அந்தக் கூட்டத்தாரைத் தாக்கி வீரமாமுனிவர் 'வேத விளக்கம்' எழுதினார். 'லுத்தேரினத்தியல்பு' என்று இன்னொன்றும் எழுதினார். அவர்களுடைய தமிழையும் பரிகாசம் செய்தார். இரண்டு ஐரோப்பியர்களின் குடுமிப்பிடியில் தமிழ் வசனத்துக்கு லாபம் கிடைத்தது. அதற்காக இருவருக்கும் என் நமஸ்காரம்.

ஒரு விஷயத்தில் புராட்டஸ்டண்டுகள் சொன்னதுதான் நியாயம். ஜனங்களுக்குப் புரியாத பாஷையில் பூசை எதற்கு? ரோமாபுரி இதை ஒப்புக்கொண்டு லத்தீனைத் தளர்த்தியது 1963-ல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில். சீகன்பால்குவின் புத்தகம் வந்து ஏறக்குறைய இருநூற்றைம்பது வருஷம் கழித்து!

ஆனால் மெழுகுவர்த்தி மேல் என்ன கோபம்? எழுத்துக் கூட்டத் தெரியாத ஒரு சித்தாள் பெண், பிள்ளைக்கு ஜுரம் விடவேண்டும் என்று மாதாவின் காலடியில் ஒரு திரியை ஏற்றி வைக்கிறாள். புத்தகம் படித்தால்தான் கடவுளோடு பேசலாம் என்று அவளுக்குச் சட்டம் போடுவது எந்தச் சீர்திருத்தம்? கோனான்குப்பத்தில் மாதாவுக்குத் தமிழ்ப் பெண்ணின் கோலம் தந்த வீரமாமுனிவர் அவளைப் புரிந்துகொண்டவர். காகிதத்தில் அச்சான வார்த்தை புனிதம், மரத்தில் செதுக்கிய முகம் மட்டும் பாவம் என்ற கணக்கு எனக்கு விளங்கவில்லை.

அதிகாரத்தைப் பற்றியும் பேசலாமே. போப்பு வேண்டாம் என்று போனவர்களுக்கு பிஷப்பு வேண்டியிருக்கிறது. 1947-ல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் அதன் தலைவர் தேர்தல் 2023-ல் சென்னை உயர்நீதிமன்றப் படியேறியது. ஒரு போப்பைத் தள்ளிவிட்டு, பதவிக்கு அடித்துக்கொள்ளும் பலரைச் சம்பாதித்ததுதான் மிச்சமா என்று கேட்டால் சிநேகிதர் தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார்.

இவ்வளவு சூடாக வாதாடுகிறவர்கள் சாதி என்று வந்தால் வாயைத் திறப்பதில்லை. மேலிடத்து அதிகாரம் எதற்குப் பயன்பட்டது என்று பார்க்க வேண்டிய இடமே அதுதான். 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்றார். எதிர்த்தவர்களில் வேதத்தைத் தமிழில் கரைத்துக் குடித்த தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர்! கத்தோலிக்கர் கதையும் அழகில்லை. வடக்கன்குளத்தில் கால்சட்டையின் இரண்டு கால்களைப் போலப் பிரித்துக் கோயில் கட்டி, நடுவே சுவரும் வைத்தார்கள். கட்ட இடங்கொடுத்தவர்கள் பாதிரிமார்கள். 1910-ல் இடித்தவர்களும் பாதிரிமார்கள்தான். சுவர் திரும்ப வேண்டும் என்று பிஷப்பின் மேல் வழக்குப் போட்டு உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றவர்கள், அந்தக் கோயிலிலேயே முழங்கால் போட்ட பிள்ளைமார்களும் முதலியார்களும்.