இலையெடுத்த பந்தியில் தடயம் தேடலாமா?

2017இல் கேரளத்தில் நடிகை ஒருவர் மீது நடந்த பாலியல் வன்முறை வழக்கின் முக்கியச் சாட்சியம் ஒரு மெமரி கார்டு. நீதிமன்றத்தின் பொறுப்பில் இருந்த அந்தக் கார்டை 2018 ஜனவரி, 2018 டிசம்பர், 2021 ஜூலை என மூன்று முறை யாரோ திறந்திருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவருக்கு இதைவிடக் கொடுமை வேறில்லை. கார்டைப் பார்த்தவர்கள் யாரும் முன்வந்து சொல்லவில்லை. காட்டிக்கொடுத்தது ‘ஹேஷ் மதிப்பு’ என்கிற ஓர் எண்ணெழுத்துச் சரம்.

ஒரு சேமிப்பகத்தில் உள்ள அத்தனை பிட்களையும் கணக்கில் எடுத்து, எஸ்எச்ஏ-256 என்ற கணிதமுறை 64 எழுத்துகள் கொண்ட சரம் ஒன்றைத் தரும். உள்ளே ஒரேயொரு பிட் மாறினாலும் சரம் அடியோடு வேறாகிவிடும். கைப்பற்றியபோது ஒரு சரம், ஆய்வகத்தில் வேறொரு சரம் என்றால் இடையில் ஏதோ நடந்திருக்கிறது. கேரள வழக்கில் “யார் தொட்டது?” என்று உயர் நீதிமன்றம் வரை சென்று கேட்க முடிந்ததற்கு இதுவே ஆதாரம்.

அந்த மெமரி கார்டின் இடத்தில் ஒரு மடிக்கணினியின் எஸ்எஸ்டி (சில்லுகளில் தரவைச் சேமிக்கும் வட்டு) இருந்ததாக வைத்துக்கொள்வோம். ஹேஷ் மாறியிருக்கிறது. “யாரும் தொடவில்லை, அதுவே தன்னை மாற்றிக்கொண்டது” என்று ஒருவர் சொன்னால், அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. டிஜிட்டல் தடயவியலின் இன்றைய சிக்கல் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நம் புதிய சாட்சியச் சட்டம் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

பழைய ஹார்டு டிஸ்க் ஒரு சோம்பேறி. ஒரு கோப்பை அழிக்கச் சொன்னால் பட்டியலிலிருந்து அதன் பெயரை மட்டும் எடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். காந்தத் தட்டில் எழுதியது எழுதியபடியே கிடக்கும். அதே இடத்தில் வேறெதுவும் எழுதப்படும் வரை அழியாது. தடயவியல் வல்லுநர்கள் இருபது முப்பது ஆண்டுகள் இந்தச் சோம்பலை நம்பித்தான் தொழில் செய்தார்கள். அமெரிக்காவின் விச்சிட்டா வட்டாரத்தில் 1974 முதல் 1991 வரை பத்துப் பேரைக் கொன்ற டென்னிஸ் ரேடர் சிக்கியதும் இதனால்தான். ஃபிளாப்பி வட்டில் தகவல் அனுப்பினால் என்னைக் கண்டுபிடிக்க முடியுமா என்று அவர் காவல் துறையையே கேட்டார். முடியாது என்ற பொருளில் பத்திரிகை விளம்பரம் வழியாகப் பதில் வந்தது. நம்பி ஒரு ஃபிளாப்பியை அனுப்பினார். அதில் முன்பு அழிக்கப்பட்டிருந்த ஒரு வேர்டு கோப்பின் மிச்சத்தில் அவருடைய தேவாலயத்தின் பெயரும் ‘டென்னிஸ்’ என்ற பெயரும் இருந்தன. 2005 பிப்ரவரியில் கைதானார்.

குற்றவாளிகள் மட்டும் இப்படி ஏமாறவில்லை. சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்ற இரு ஆய்வாளர்கள் பழைய ஹார்டு டிஸ்க்குகள் 158ஐ விலைக்கு வாங்கிச் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். இயங்கிய 129இல் முறையாக அழிக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவை பலவற்றில் கடன் அட்டை எண்கள் முதல் காதல் கடிதங்கள் வரை விற்றவர்களின் அந்தரங்கம் கிடந்தது.

எஸ்எஸ்டி சோம்பேறி அன்று. அது ஒரு கல்யாணப் பந்தி.

ஹார்டு டிஸ்கில் ஒருவர் சாப்பிட்டு எழுந்தால், அடுத்தவர் வந்து உட்காரும் வரை எச்சில் இலை அங்கேயே கிடக்கும். யார் என்ன சாப்பிட்டார் என்று பார்த்துச் சொல்லிவிடலாம். தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய, எஸ்எஸ்டியின் அடிப்படையான ஃபிளாஷ் நினைவகத்தில் அதற்கு வழியில்லை. எழுதிய இடத்தின்மீதே அதில் திரும்ப எழுத முடியாது. முதலில் துடைத்தாக வேண்டும். எழுதுவது ஒவ்வோர் இலையாக நடக்கும். துடைப்பதோ முழு வரிசையாகத்தான் நடக்கும். வரிசையில் இன்னும் இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தால்? அவர்களை அடுத்த வரிசைக்கு மாற்றி உட்காரவைத்துவிட்டு, இந்த வரிசையை மொத்தமாக எடுத்துவிடுவார்கள். ‘கார்பேஜ் கலெக்‌ஷன்’ என்பது இதுதான். ஒவ்வொரு செல்லையும் இத்தனை முறைதான் துடைத்து எழுதலாம் என்ற வரம்பும் உண்டு. அதனால் ஒரே இடம் தேயாதபடி, தரவைத் தொடர்ந்து இடம் மாற்றிக்கொண்டேயிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு ஒன்றும் உள்ளே இருக்கிறது.

யார் சாப்பிட்டு முடித்தார், யார் மோருக்குக் காத்திருக்கிறார் என்று பரிமாறுபவருக்குத் தெரிய வேண்டுமே. இலையை மடித்து வைத்தால் முடிந்தது என்று பொருள். கணினியில் அந்த இலை மடிப்புக்கு ‘டிரிம்’ என்று பெயர். 2009இல் விண்டோஸ் 7 வந்ததிலிருந்து, ஒரு கோப்பை நீங்கள் அழித்ததும் “இந்த இடம் இனி வேண்டாம்” என்று இயங்குதளமே எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடுகிறது. அதன் பிறகு அந்த இடத்தைப் படிக்க முயன்றால் பல எஸ்எஸ்டிகள் வெறும் பூஜ்யங்களையே நீட்டுகின்றன. டென்னிஸ் ரேடரின் வேர்டு கோப்பு இன்றைய எஸ்எஸ்டி ஒன்றில் அழிக்கப்பட்டிருந்தால், பெரும்பாலும் அன்றே அது போயிருக்கும்.

இது முதலில் தடயவியலாளர்களின் காதில் எச்சரிக்கை மணியாக ஒலித்தது 2010இல். ஆஸ்திரேலியாவின் மர்டோக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரேம் பெல், ரிச்சர்ட் பாடிங்டன் இருவரும் எஸ்எஸ்டி ஒன்றில் கோப்புகளை நிரப்பி, விரைவு ஃபார்மேட் செய்து, என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். சில நிமிடங்களுக்குள் ஏறக்குறைய எல்லாம் துடைக்கப்பட்டிருந்தன. அதைவிட அதிர்ச்சி, ‘ரைட் பிளாக்கர்’ பொருத்தியிருந்தபோதும் துடைப்பு நடந்ததுதான். கைப்பற்றிய வட்டில் கணினி எதையும் எழுதிவிடாமல் தடுக்கும் கருவி அது. தடயவியல் ஆய்வகங்கள் அதை வேதவாக்குபோல் நம்புகின்றன. ஆனால் அது வாசலில் நிற்கும் காவலாளி. துடைப்பவர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். மின்சாரம் கொடுத்தால் போதும், வேலையை விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

இதற்கு நேர் எதிரான முடிவும் அடுத்த ஆண்டே வந்தது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள், எஸ்எஸ்டியில் ஒரு தனிக் கோப்பை மேலெழுதி அழிக்கும் மென்பொருள்களை 2011இல் சோதித்தார்கள். கோப்பின் 4 முதல் 75 சதவீதம் வரை சில்லுகளில் மிச்சம் இருந்தது. மேலெழுதியதாக மென்பொருள் நினைத்துக்கொண்டது. கட்டுப்பாட்டுச் சில்லோ புதியதை வேறிடத்தில் எழுதி, பழையதை மறைவில் விட்டுவைத்திருந்தது. ஆக, காப்பாற்ற நினைப்பது போய்விடலாம். அழிக்க நினைப்பது இருந்துவிடலாம். இரண்டையும் முடிவு செய்வது தயாரிப்பாளரின் மென்பொருள். அந்த மென்பொருள் எப்படி இயங்குகிறது என்பது வணிக ரகசியம். நீதிமன்றக் கூண்டில் ஏறும் நிபுணருக்கே தெரியாத ஒரு விஷயத்தைப் பற்றி அவரைக் குறுக்கு விசாரணை செய்து என்ன பயன்?

சில்லைப் பிரித்தெடுத்து நேரடியாகப் படிக்கும் வித்தையும் மெல்ல மூடிக்கொண்டிருக்கிறது. இப்போதைய பல மடிக்கணினிகளிலும் கைபேசிகளிலும் தரவு மறையாக்கப்பட்டே எழுதப்படுகிறது. சாவி இல்லாமல் சில்லைப் படித்தால் கிடைப்பது இரைச்சல். ‘சில்க் ரோடு’ கள்ளச் சந்தையை நடத்திய ராஸ் உல்பிரிக்ட்டை 2013 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோவின் நூலகம் ஒன்றில் பிடித்தபோது, அமெரிக்க அதிகாரிகள் முதலில் குறிவைத்தது அவருடைய கையை அல்ல, திறந்திருந்த மடிக்கணினியை. இருவர் காதலர் சண்டைபோல நடித்துக் கவனத்தைத் திருப்ப, இன்னொருவர் கணினியைப் பறித்தார். மூடியிருந்தால் அது வெறும் உலோகப் பலகை.

இதனால் களத்தில் நிற்கும் காவல் அதிகாரிக்குத் தர்மசங்கடம். கணினி ஓடிக்கொண்டிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கினால் உள்துடைப்பு நிற்கும்; மறையாக்கச் சாவி போய்விடும். ஓடவிட்டால் சாவி இருக்கும். அழித்த கோப்புகளின் மிச்சம் ஒவ்வொரு நிமிடமும் கரையும். “முதலில் பிளக்கைப் பிடுங்கு” என்று ஒரு காலத்தில் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த ஒற்றை விதி இனி செல்லாது.

இப்போது நம் சட்டத்துக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆவது பிரிவு, மின்னணுப் பதிவுகளுக்குச் சான்றிதழ் கேட்கிறது. பதிவைத் தாக்கல் செய்பவர் ஒரு பகுதியையும், நிபுணர் மற்றொரு பகுதியையும் நிரப்ப வேண்டும். ஹேஷ் மதிப்பும் எந்த முறையில் அது கணக்கிடப்பட்டது என்பதும் அதில் இருக்க வேண்டும். பழைய 65பி பிரிவில் இல்லாத இது உண்மையிலேயே ஒரு முன்னேற்றம். (தேர்ந்தெடுக்கும் பட்டியலில் எம்டி5 முறையும் இருக்கிறது. வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே எம்டி5 சரத்தை உருவாக்கலாம் என்று 2004லேயே நிரூபித்துவிட்டார்கள். 2023இல் எழுதிய சட்டத்தில் அதற்கு ஒரு கட்டம் ஒதுக்கியதை என்னவென்பது?)

ஆனால் அந்த ஹேஷை எப்போது எடுக்க வேண்டும்? கைப்பற்றிய இடத்திலேயே எடுத்தாக வேண்டும் என்று பிரிவு 63 சொல்லவில்லை. கைப்பற்றுவதைக் காணொளியாகப் பதிவு செய்யச் சொல்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆவது பிரிவு. அந்தக் காணொளியில் உறை, அரக்கு, கையெழுத்து எல்லாம் தெரியும். வட்டின் உள்ளே இருப்பது தெரியாது. பிறகு அது காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போய், தடய அறிவியல் ஆய்வகத்தில் தன் முறைக்காகக் காத்திருக்கும். முதல் ஹேஷை ஆய்வகத்தில்தான் எடுக்கிறார்கள் என்றால், இடைப்பட்ட காலத்துக்கு அது எந்த உத்தரவாதமும் தராது.

அந்தக் காத்திருப்பில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. ஃபிளாஷ் செல் என்பது மின்னேற்றத்தைச் சிறைவைத்திருக்கும் சிறு கூண்டு. விலை மலிந்த இன்றைய வகைகளில் ஒரு செல்லில் நான்கு பிட்கள். அதாவது 16 மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். சிறிது மின்னேற்றம் கசிந்தாலும் நிலை தடுமாறும். ஜெடெக் என்ற தரநிர்ணய அமைப்பின் அளவுகோல்படி, சாதாரணப் பயனர்களுக்கான எஸ்எஸ்டி, தன் எழுத்து ஆயுள் முழுவதையும் தீர்த்த பிறகு மின்சாரமில்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும். சர்வர் வகைக்கு 40 டிகிரியில் மூன்று மாதம். புதிய எஸ்எஸ்டி இதைவிடப் பல மடங்கு தாங்கும். பயமுறுத்துவது என் நோக்கமல்ல. ஆனால் நம் வழக்குச் சொத்து அறைகள் பலவற்றில் குளிர்சாதனம் இல்லை. நம் வழக்குகளும் ஓராண்டில் முடிவதில்லை. வேறு தடயங்களை நாம் இப்படி விட்டுவிடவில்லை. இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதனைக் கூடம் 1849இல் சென்னையில்தான் தொடங்கியது. சடலத்தின் உள்ளுறுப்புகளை எந்தக் கரைசலில் எவ்வளவு நாள் வைக்கலாம் என்பதை நம்மவர்கள் அப்போதே கற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். எஸ்எஸ்டிக்கு மட்டும் காகித உறையே போதும் என்றிருக்கிறோம்.

வழி என்ன? கைப்பற்றும் இடத்திலேயே, சாட்சிகள் முன்னிலையில், முழுப் படி எடுத்து ஹேஷ் கணக்கிட்டு மகசரில் (கைப்பற்றல் குறிப்பில்) எழுத வேண்டும். நடக்கிற காரியமா என்று கேட்கலாம். பெரிய ஹார்டு டிஸ்க் என்றால் அது கடினம்தான்: 20 டெராபைட் வட்டு ஒன்றை நொடிக்கு 250 மெகாபைட் வேகத்தில் படித்தால் 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேடிக்கை என்னவென்றால், தடயத்தைத் துடைக்கும் அதே தொழில்நுட்பம் படி எடுப்பதை எளிதாக்கிவிட்டது. மடிக்கணினியில் உள்ள 1 டெராபைட் சாட்டா எஸ்எஸ்டியை நொடிக்கு 500 மெகாபைட் வேகத்தில் படித்தால் சுமார் 33 நிமிடம். இன்னும் வேகமான என்விஎம்இ வகையென்றால் அதைவிடவும் குறைவுதான். மகசர் எழுதிக் கையெழுத்து வாங்கவே இதைவிட அதிக நேரம் பிடிக்கிறது.

முழு வட்டுக்கான ஹேஷுடன் முக்கியக் கோப்புகளுக்குத் தனித்தனி ஹேஷும் எடுக்க வேண்டும். எஸ்எஸ்டி தானாகத் துடைப்பது கைவிடப்பட்ட இடங்களைத்தான். அழிக்கப்படாத கோப்பு அப்படியே இருக்கும். முழு வட்டின் சரம் பின்னாளில் மாறினாலும் கோப்பின் சரம் பொருந்தினால் சாட்சியம் நிற்கும். கைப்பற்றியது ஹார்டு டிஸ்கா, எஸ்எஸ்டியா, கணினி ஓடிக்கொண்டிருந்ததா என்பதையும் மகசரில் குறிக்க வேண்டும். ஒரு வரி எழுதும் வேலை.

இதில் அரசுத் தரப்புக்கு மட்டும்தான் லாபம் என்று நினைக்க வேண்டாம். துடைபட்டுப்போகும் மிச்சத்தில் நிரபராதியின் சாட்சியமும் இருக்கலாம்: கோப்பை வேறு யாரோ கொண்டுவந்து வைத்த தடம், தீநிரல் ஓடிய தடம். மெமரி கார்டில் உள்ளதும் ‘ஆவணம்’தான், குற்றம்சாட்டப்பட்டவருக்குப் பொதுவாகப் படி தர வேண்டும், பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கம் சம்பந்தப்பட்டிருந்தால் பார்வையிட மட்டும் அனுமதிக்கலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது; தொடக்கத்தில் சொன்ன அதே கேரள வழக்கில்தான். படி எடுத்துவிட்டால், வழக்குக்குத் தேவைப்படாத கணினியை உரியவரிடம் திருப்பித் தரவும் தடையில்லை. ஆனால் முழுப் படி என்றால் ஒருவருடைய மொத்த வாழ்க்கை. வழக்குக்குச் சம்பந்தமில்லாததை யார் பார்க்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்ற விதிகளும் இதனுடன் சேர்ந்தே வர வேண்டும்.

அந்த விதிகள் வரும் வரை ஒன்று செய்யலாம். உங்கள் கணினியையோ கைபேசியையோ விசாரணைக்காக எடுத்துச் செல்ல நேர்ந்தால், மகசரில் கையெழுத்திடும் முன் ஹேஷ் மதிப்பு எடுத்தார்களா என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால், எடுக்கவில்லை என்பதை அந்த மகசரிலேயே எழுதச் சொல்லுங்கள்.