80-20ஐ கோடாலி ஆக்காதீங்க!

எக்செல் தெரிந்த எல்லாரும் என்றாவது ஒரு நாள் மார்க்கெட்டிங் ஆலோசகர் ஆகிவிடுகிறோம். தெரிந்தவர் கடையின் விற்பனைக் கணக்கை வாங்கி, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, ஒரு பரேட்டோ சார்ட் போட்டு, "பாருங்க சார், இந்த மூணு ஐட்டம்தான் உங்களுக்குச் சோறு போடுது, மத்ததைத் தூக்கிடுங்க"ன்னு சொல்லிட்டு, காபி குடிச்சிட்டு வந்துடலாம். சார்ட்டில் தப்பே இல்லை. அந்த "தூக்கிடுங்க"வோடதான் எனக்குச் சண்டை.

முதல்ல கொஞ்சம் வரலாறு. வில்ஃபிரெடோ பரேட்டோ (1848-1923) இத்தாலிக்காரர். டூரினில் எஞ்சினியரிங் படித்து, ரயில்வேயில் வேலை பார்த்து, அப்புறம் பொருளாதாரப் பேராசிரியர் ஆனவர். (நம்ம ஆளுதான்! :-)) அவர் ஆராய்ந்தது, வருமானமும் சொத்தும் மக்களிடையே எப்படிப் பிரிந்திருக்கு என்பதை. அதைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்து பரேட்டோ பெயரை வைத்தவர் தரக்கட்டுப்பாட்டு நிபுணர் ஜோசப் ஜூரான். அந்தப் பெயர் வைத்தது தப்புதான்னு 1975-ல் அவரே ஒரு கட்டுரையில் ஒப்புக்கொண்டார்.

ஜூரான் கையில் இது பழுதுகளை எண்ணும் கருவி. இங்கதான் விஷயமே இருக்கு. சாஃப்ட்வேர்லயும் அதே கதைதான். 20 சதவீத பக்தான் 80 சதவீதப் பிழைகளுக்குக் காரணம்னு மைக்ரோசாஃப்ட்டின் ஸ்டீவ் பால்மர் 2002-ல் சொன்னார். பக் எல்லாமே வேண்டாதது. பெரிசை முதல்ல அடி, சின்னதை மெதுவா பார்த்துக்கலாம். ஒரு பக் ஒழிஞ்சா யாரும் அழப்போறதில்லை.

ஆனா கடைச் சரக்கு பக் இல்லையே மக்களே!

ஒரு பலகாரக் கடையைக் கற்பனை பண்ணுங்க. பத்து ஐட்டம், மாத விற்பனை 3 லட்சம். முறுக்கு 1,05,000, மிக்சர் 75,000, அல்வா 45,000. மூணும் சேர்ந்து 75 சதவீதம். சார்ட் ஜம்முனு வரும். எக்செல் 2016-லிருந்து பரேட்டோ சார்ட் ரெடிமேடாவே இருக்கு. பழசு வச்சிருந்தா, சம் ஃபங்ஷன்ல தொடக்க செல்லுக்கு மட்டும் டாலர் குறி போட்டு கீழே இழுத்து, மொத்தத்தால் வகுத்தா கூட்டுச் சதவீதம் வந்துடும். அஞ்சு நிமிஷ வேலை.

இப்போ பக்கத்தில் லாபத்துக்கு ஒரு காலம் சேருங்க. மிக்சரில் 12 சதவீதம் நின்னா 9,000 ரூபாய். எள்ளுருண்டை விற்பனை வெறும் 20,000தான், ஆனா 45 சதவீதம் நின்னா அதுவும் அதே 9,000! "தூக்கிடுங்க" லிஸ்டில் இருந்த ஐட்டம் இது.

அடுத்தது பில். எள்ளுருண்டை இருக்கிற பில்கள், இல்லாத பில்கள்னு பிரிச்சு, எள்ளுருண்டைக் காசைக் கழிச்சிட்டு ரெண்டுக்கும் சராசரி பாருங்க. இருக்கிற பில்லில் மத்த சரக்கும் அதிகமா போயிருந்தா, வேற கடையில் கிடைக்காத எள்ளுருண்டைக்காக வர்றவங்கதான் கூடவே ஒரு கிலோ முறுக்கும் வாங்கிட்டுப் போறாங்களோன்னு யோசிக்கணும். எள்ளுருண்டையை நிறுத்தினா அந்த முறுக்கும் போகலாம். சார்ட்டில் ஒவ்வொரு கம்பமும் தனித்தனியா நிக்குது. கடையில் அப்படி நிக்கிறதில்லை.

மூணாவது, காலம். ஐப்பசி மாசக் கணக்கை மட்டும் எடுத்தா அதிரசம் ராஜா. ஆனியில் எடுத்தா அதுவும் வால். போன மாசம் புதுசா போட்ட ஐட்டம் எதுவா இருந்தாலும் வாலில்தான் இருக்கும்.

விளம்பரத்துக்கும் இதே கதைதான். அதிகம் வாங்குற வாடிக்கையாளர் யாருன்னு சார்ட் சொல்லுது, உடனே அவங்களுக்குக் கூப்பன் கொடுக்கிறோம். எப்படியும் வாங்கப்போறவருக்குத் தள்ளுபடி தந்தா, அது நம்ம லாபத்தை நாமளே எடுத்து நீட்டுறது. கேட்க வேண்டியது "எது அதிகம் வித்தது?" இல்லை. "அடுத்து செலவழிக்கிற ஆயிரம் ரூபாய் எங்கே போனா அதிகம் திரும்பி வரும்?" பழைய விற்பனையை அடுக்கினா இதுக்குப் பதில் வராது. ரெண்டு வாரம் ஒரே ஐட்டத்துக்கு நோட்டீஸ் அடிச்சுப் பார்த்தாதான் தெரியும்.

பெரிய கம்பெனி ஒரு ஐட்டத்தை நிறுத்தினா ஒரு வரி குறையும், அவ்வளவுதான். சின்னக் கடையில் எள்ளுருண்டை உருட்டுற அம்மாவுக்கு வேலையே போயிடும். அதனால்தான் அஞ்சு நிமிஷ சார்ட்டை வச்சு இந்த முடிவை எடுக்கக் கூடாதுங்கறேன்.

"முக்கியமான சில, அற்பமான பல"ன்னுதான் ஜூரானும் முதலில் சொல்லிக்கிட்டிருந்தார். பின்னாளில் "அற்பமான" என்பதை எடுத்துட்டு "பயனுள்ள பல"ன்னு மாத்திக்கிட்டார். பரேட்டோ சார்ட் போடுங்க, தாராளமா போடுங்க. யார்கிட்ட என்ன கேள்வி கேட்கணும்னு அது காட்டும். பதிலுக்குக் கல்லாப்பெட்டி பக்கத்தில் போய் நிக்கணும்.

நீங்க என்ன சொல்றீங்க?